நண்டுத் தீவனத்தில் கலப்பது எதற்காக?

செட்டிநாட்டுச் சமையலில் நண்டுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. மிளகும் சோம்பும் பூண்டும் அரைத்துவிட்ட குழம்பு ஒரு நாள், சளி பிடித்த வீட்டில் நண்டு ரசம் இன்னொரு நாள். ஆனால் நம் சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. காரைக்குடிச் சந்தைக்கு வரும் நண்டு, திருவாடானைக்கு அப்பால் உள்ள தொண்டியிலிருந்தோ, புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்திலிருந்தோ வருவது வழக்கம்.

பனிக்கட்டியில் வைத்து விற்கும் நீலக்கால் நண்டு கடலில் வலைபோட்டுப் பிடித்தது. கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி உயிருடனேயே விற்கும் பெரிய நண்டு களி நண்டு. சதுப்பு நிலக் காடுகளிலும் கழிமுகங்களிலும் சேற்றில் வளை தோண்டி வாழ்வது. ஈரம் காயாமல் வைத்திருந்தால் தண்ணீருக்கு வெளியே சில நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால்தான் சிங்கப்பூர், சீனா வரை விமானத்தில் உயிருடன் ஏற்றுமதியாகிறது. விலை அதிகம் என்பதால் குளத்திலும் வளர்க்கிறார்கள்.

கடலோர ஊர்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளில் சிலருக்கு இறால் குளமும் நண்டுக் குளமும் வீட்டுப் பேச்சு. தீவனத்தோடு கலக்கச் சொல்லி விற்கப்படும் பாட்டில்களையும் பொட்டலங்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். ‘வேகமாக வளரும்’, ‘நோய் வராது’ என்ற வாசகங்களையும் படித்திருப்பார்கள். அவற்றில் எது உண்மை, எது வெறும் விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க, நாம் கற்பிக்கும் அறிவியலே போதும். ஒன்பதாம் வகுப்பின் விலங்குலகம், பத்தாம் வகுப்பின் ஹார்மோன்கள், மேல்நிலை வகுப்பு விலங்கியலின் நோய்த்தடைக்காப்பு ஆகிய மூன்று பாடங்களும் ஒரு நண்டுக்குள் சந்திக்கின்றன.

ஓட்டுக்குள் ஒரு வளர்ச்சி

நம் எலும்பு உடலுக்கு உள்ளே இருக்கிறது. உடலோடு சேர்ந்து வளர்கிறது. நண்டின் ஓடு வெளியே இருக்கிறது. கைட்டினும் புரதமும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்து இறுகிய அந்த ஓடு ஒருமுறை கெட்டிப்பட்டுவிட்டால் விரிவடையாது. எனவே பழைய ஓட்டைக் கழற்றினால்தான் நண்டு பெரிதாக முடியும். பாடநூல் இதைத் தோலுரித்தல் என்கிறது.

ஓட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதன் அடியில் மெல்லிய புது ஓடு உருவாகியிருக்கும். பழைய ஓட்டின் பின்புறம் பிளந்து, கால்கள், கொடுக்குகள், செவுள்கள் என ஒவ்வொன்றையும் உருவிக்கொண்டு நண்டு பின்வாங்கி வெளியே வரும். உடனே நிறையத் தண்ணீரை உறிஞ்சி உடலை உப்பவைக்கும். அந்தப் பெருத்த அளவிலேயே புது ஓடு இறுகும். பிறகு நாளடைவில், உள்ளே இருந்த தண்ணீரின் இடத்தைச் சதை நிரப்பும். ஆகவே நண்டின் உருவ வளர்ச்சி படிக்கட்டு போன்றது. ஒரு படி ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். குஞ்சாக இருக்கையில் படிகள் அடுத்தடுத்து வரும். வயதாக ஆக இடைவெளி நீளும்.

ஓடு கழற்றிய சில நாட்களுக்குள் பிடித்த நண்டைச் சமைத்தால் உள்ளே சதை குறைவாக, நீர் கோத்ததுபோல் இருக்கும். இத்தகைய நண்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, சில வாரங்கள் தீனி போட்டுச் சதை பிடித்தபின் விற்பதே நண்டு கொழுக்கவைத்தல் என்னும் தொழில்.

ஓடு கழற்றும் காலத்தை ஹார்மோன்கள் நிர்ணயிக்கின்றன. கண்காம்பில் உள்ள சுரப்பித் தொகுதி, தோலுரித்தலைத் தடுக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. தலை மார்புப் பகுதியில் உள்ள ஒய்-உறுப்பு, தோலுரித்தலைத் தூண்டும் எக்டைசோன் வகை ஹார்மோனைச் சுரக்கிறது. தடுப்பது குறையும்போது தூண்டுவது மேலோங்கும், ஓடு கழலும். எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு. அது கொலஸ்டிராலிலிருந்து உருவாகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், தீவனத்தில் கலப்பவற்றுள் முக்கியமான ஒன்றின் காரணம் எளிதில் புரிந்துவிடும்.

குளத்து நண்டு எதைத் தின்கிறது?

இயற்கையில் களி நண்டு சிப்பி, நத்தை, சிறு இறால், செத்த மீன் என்று கிடைப்பதைத் தின்னும். தனக்கு வேண்டிய சத்துகள் பலவும் அந்தக் கலவையான உணவிலேயே கிடைத்துவிடும். குளத்தில் அதற்கு வாய்ப்பில்லை. நாம் போடுவதுதான் அதன் உலகம்.

வழக்கமாக, விலைபோகாத சிறு மீன்களையும் சிப்பிச் சதையையும் நறுக்கிப் போடுவார்கள். இதில் சில சிக்கல்கள் உண்டு. தின்றது போக மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பச்சை மீனோடு நோய்க்கிருமிகளும் குளத்துக்குள் வரும். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த நாட்களில் இந்தச் சிறு மீன்களுக்கும் தட்டுப்பாடு. மனிதர் உண்ணக்கூடிய மீனை நண்டுக்குப் போடுவது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது.

இதற்கு மாற்றாகத்தான் உருளைத் தீவனம் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், நண்டு வளர்ப்பிலும் நண்டுத் தீவனத்திலும் ஆய்வு செய்துவருகிறது. பிலிப்பைன்ஸில் 2002இல் வெளிவந்த ஆய்வொன்று, களி நண்டின் தீவனத்தில் 32 முதல் 40 விழுக்காடு வரை புரதம் இருந்தால் நல்ல வளர்ச்சி கிடைப்பதாகக் காட்டியது. மீன் தூள், இறால் தலைத் தூள், சோயாப் புண்ணாக்கு, கோதுமை மாவு முதலியன தீவனத்தின் பெரும்பகுதி. இவை அடிப்படைப் பொருள்கள். இவற்றோடு, ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் சிறிதளவு கலக்கப்படுபவையே தீவனச் சேர்க்கைப் பொருள்கள். கறவை மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் தீவனம். அதில் ஒரு கைப்பிடி போடும் தாது உப்புக் கலவை சேர்க்கைப் பொருள். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு உடனே விளங்கும்.

நண்டுத் தீவனத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. மீன் தீவனத்தை விழுங்கிவிடும். நண்டோ கொடுக்கால் பற்றி, வாயருகே வைத்து, பிய்த்துப் பிய்த்துத் தின்னும். உருளை தண்ணீரில் சீக்கிரம் கரைந்தால் பாதிக்குமேல் வீணாகும். அதற்காகக் கோதுமைப் பசையம், வேகவைத்த மாவுப்பொருள் போன்ற பிணைப்பிகளைச் சேர்க்கிறார்கள். தீவனம் கிடக்கும் இடத்தை நண்டு வாசனையால் கண்டுபிடிக்கிறது. எனவே கணவாய்த் தூள், பீட்டைன் போன்ற கவர்ச்சிப் பொருள்களும் சேர்கின்றன.

வளர்ச்சிக்காகச் சேர்ப்பவை

கொலஸ்டிரால்: மனிதருக்கு மருத்துவர் குறைக்கச் சொல்லும் பொருளை நண்டுக்கு ஏன் கூட்ட வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நம் கல்லீரல் கொலஸ்டிராலைத் தானே தயாரிக்கிறது. இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளால் அதைத் தயாரிக்க முடியாது. உணவில் வந்தாக வேண்டும். வராவிட்டால் செல்சவ்வுக்கும் பற்றாக்குறை, எக்டைசோனுக்கும் பற்றாக்குறை. தைவானில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், இளம் களி நண்டுகளுக்குக் கொலஸ்டிரால் அளவை மாற்றி மாற்றித் தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். 0.51 விழுக்காடு, அதாவது ஒரு கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 5 கிராம் இருந்தபோது வளர்ச்சி நன்றாக இருந்தது. 1.12 விழுக்காட்டைத் தாண்டியபோது வளர்ச்சி பாதிக்கப்பட்டது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லெசித்தின்: சோயாவிலிருந்து கிடைக்கும் பாஸ்போலிப்பிடு. கொழுப்பையும் கொலஸ்டிராலையும் உடலுக்குள் எடுத்துச்செல்ல உதவுகிறது.

நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்: மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ, ஈபிஏ ஆகியவை. குஞ்சுப் பருவத்தில் இவற்றின் தேவை மிக அதிகம். மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழிக்கு அருகே தொடுவாயில், கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தைச் சேர்ந்த ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் களி நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. ஒரு தாய் நண்டு பத்து இலட்சத்துக்கும் மேல் முட்டையிடும். ஆனால் பொரித்த குஞ்சு ஐந்து ‘சோயியா’ நிலைகளையும் ‘மெகலோபா’ நிலையையும் கடந்தபின்தான் நண்டு வடிவம் பெறும். ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் ஒருமுறை ஓடு கழற்ற வேண்டும். கழற்ற முடியாமல் சிக்கி மடிவன ஏராளம். இந்தப் பருவத்தில் உருளைத் தீவனம் பயன்படாது. ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உயிரிகளே உணவு. எனவே பொரிப்பகங்களில் அந்த நுண்ணுயிரிகளுக்கு முதலில் கொழுப்பு அமிலம் நிறைந்த கலவையை ஊட்டி, பிறகு அவற்றைக் குஞ்சுக்குக் கொடுக்கிறார்கள். உணவுக்கே உணவூட்டும் இந்த முறை, உணவுச் சங்கிலிப் பாடத்துக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

வைட்டமின் சி: இது குறைந்த இறால்களில் ஓட்டின் அடியில் கறுப்புப் புண்கள் தோன்றியதை ஆய்வாளர்கள் முன்பே பதிவு செய்துள்ளனர். வெப்பத்தில் சிதைவதும் நீரில் கரைவதும் இதன் இயல்பு. உருளை செய்யும்போது பாதி, குளத்தில் மீதி என்று போய்விடும். ஆகவே பாஸ்பேட்டோடு இணைந்த, நிலைத்து நிற்கும் வடிவில் சேர்க்கிறார்கள். வைட்டமின் சேர்த்தால் மட்டும் போதாது, அது நண்டின் வாய்வரை போய்ச் சேரவும் வேண்டும்.

தாதுக்கள்: ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. நண்டு செவுள் வழியாக அதை எடுத்துக்கொள்ளும். உப்பு குறைந்த குளத்தில் இந்த வசதி குறையும். அங்கே தாதுச் சேர்க்கைக்கு மதிப்பு கூடும். நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்புள்ள ஹீமோகுளோபின் அன்று, தாமிரமுள்ள ஹீமோசயனின். ஆகவே சிறிதளவு தாமிரமும் வேண்டும்.

ஆஸ்டாக்சாந்தின்: நண்டை வேகவைத்தால் சிவப்பாவது இந்த நிறமியால்தான். உயிருள்ள நண்டில் இது ஒரு புரதத்தோடு பிணைந்து வேறு நிறம் காட்டுகிறது. சூட்டில் புரதம் சிதைந்ததும் நிறமி தன் சிவப்பைக் காட்டுகிறது. நண்டால் இதை அடிப்படையிலிருந்து உருவாக்க இயலாது. பாசியிலிருந்து தொடங்கும் உணவு வழியாகவே பெறுகிறது. ஆக்சிஜனேற்றத்திலிருந்து செல்களைக் காக்கும் பணியும் இதற்கு உண்டு.

டிரிப்டோபான்: ஓடு கழற்றி மெத்தென்று கிடக்கும் நண்டைப் பக்கத்து நண்டு தின்றுவிடுவது களி நண்டு வளர்ப்பின் பெரும் இழப்பு. டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் உடலில் செரட்டோனினாக மாறுகிறது. இதைத் தீவனத்தில் கூட்டியபோது இளம் களி நண்டுகளின் மூர்க்கம் குறைந்ததாக 2010இல் பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று தெரிவித்தது. ஆனாலும் ஒளிய இடம் வைப்பதும், ஒத்த அளவுள்ள நண்டுகளை ஒன்றாக விடுவதும் இன்றும் குளத்தில் முதல் பாதுகாப்பு.

நலத்துக்காகச் சேர்ப்பவை

நமக்குத் தடுப்பூசி பயன்படுவதற்குக் காரணம், உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கி, வந்த கிருமியை நினைவில் வைத்துக்கொள்வது. நண்டுக்கு எதிர்ப்பொருள் கிடையாது. அதன் இரத்தச் செல்கள் கிருமியைப் பொதுவான அடையாளங்களைக் கொண்டே கண்டுகொள்கின்றன. பூஞ்சையின் செல்சுவரில் பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலி இருக்கும். அதை நண்டின் இரத்தத்தில் உள்ள பிணைப்புப் புரதம் பற்றிக்கொள்ளும். உடனே ஃபீனால்ஆக்சிடேஸ் நொதி வரிசை தூண்டப்படும். கிருமியைச் சுற்றிக் கறுப்பு மெலனின் படிந்து அதை அடைத்துவிடும். அடிபட்ட நண்டின் ஓட்டில் காணும் கறுப்புத் தழும்பு இதன் அடையாளம்.

இந்த அறிவிலிருந்துதான் ஒரு சேர்க்கைப் பொருள் பிறந்தது. ரொட்டிக்கடை ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சையே. அதன் செல்சுவரிலும் பீட்டா குளுக்கான் உண்டு. அதைப் பிரித்துத் தீவனத்தில் கலந்தால், உயிருள்ள கிருமி இல்லாமலே நண்டின் காவல் விழித்துக்கொள்ளும்.

இந்த ஆய்வில் நம் ஊருக்கும் பங்குண்டு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் விலங்கு நலம் மற்றும் மேலாண்மைத் துறை ஆய்வாளர்கள், நீலக்கால் நண்டின் இரத்தத்திலிருந்து பீட்டா குளுக்கான் பிணைப்புப் புரதத்தையும் லெக்டின் என்னும் மற்றொரு காவல் புரதத்தையும் பிரித்தெடுத்து ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். சந்தையில் நாம் பேரம்பேசி வாங்கும் அதே நண்டு, சில தெரு தள்ளி உள்ள ஆய்வகத்தில் நோய்த்தடுப்பு அறிவியலின் பாடமாகியிருக்கிறது. நம் மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் காவலாளியை நாள் முழுக்க எழுப்பிக்கொண்டே இருந்தால் அவர் களைத்துப்போவார். இத்தகைய தூண்டிகளை இடைவிடாமல் கொடுப்பதைவிட இடைவெளி விட்டுக் கொடுப்பதே நல்லது என்று இறால் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அடுத்தது புரோபயாட்டிக். பேசில்லஸ், லேக்டோபேசில்லஸ் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்கள். குடலில் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு, விப்ரியோ போன்ற கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்வதும், செரிமான நொதிகளைத் தருவதும் இவற்றின் வேலை. உயிருள்ள பொருள் என்பதால், வெயிலில் கிடந்த பொட்டலத்திலோ காலாவதியான பாட்டிலிலோ பயன் இருக்காது. மஞ்சள், பூண்டு, வேம்பு போன்றவற்றின் சாறுகளும் ஆய்வில் உள்ளன. தொட்டியில் கிடைத்த நல்ல முடிவு குளத்திலும் கிடைக்கிறதா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்து வேறு, சேர்க்கை வேறு

மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய பகுதி இது. நுண்ணுயிர் எதிர்ப்பி தீவனச் சேர்க்கை ஆகாது. குளோரம்பெனிக்கால், நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகள் நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. 2005ஆம் ஆண்டின் சட்டப்படி சென்னையில் இயங்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் இதைக் கண்காணிக்கிறது. எச்சம் இருப்பது தெரிந்தால் வெளிநாட்டுத் துறைமுகம் சரக்கையே திருப்பி அனுப்பும். ஒருவர் செய்த கலப்படத்தின் சுமை, அந்தக் கரையில் வளர்ப்பவர் அனைவர் மீதும் விழும்.

ஏற்றுமதி இழப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சிறிய அளவில் தொடர்ந்து மருந்து கலந்தால், அதற்கு மடியாத பாக்டீரியாக்களே குளத்தில் தங்கிப் பெருகும். அவற்றின் எதிர்ப்பாற்றல் மனிதரைத் தாக்கும் பாக்டீரியாக்களுக்கும் பரவக்கூடும். பிறகு மருத்துவமனையில் நமக்கே அந்த மருந்து பலிக்காது. வெள்ளைப்புள்ளி நோய் போன்ற வைரஸ் நோய்களுக்கு இந்த மருந்துகளால் எந்தப் பயனும் இல்லை. களி நண்டு அந்த வைரஸை நோய்க்குறி காட்டாமலே சுமக்கக்கூடியது. பக்கத்து இறால் குளத்துக்குப் பரப்பவும் கூடும். அதற்கு வழி, பரிசோதித்த குஞ்சும் சுத்தமான தண்ணீரும் நல்ல வரப்பும்தான்.

பெயரும் உட்பொருளும் அளவும் அச்சிடாத பாட்டிலை வாங்கக் கூடாது என்பதை ஒரு எட்டாம் வகுப்பு மாணவியே தன் வீட்டில் சொல்லலாம். லேபிளை வாசிப்பதும் மொழித்திறன்தான்.

ஒரு கணக்கு

விளம்பரம் ஒன்றை வகுப்பில் சோதிப்போம். இது நாமே வைத்துக்கொள்ளும் எண். ஒவ்வொன்றும் 100 கிராம் உள்ள பத்து நண்டுகள் முதல் தொட்டியில். அதேபோல் பத்து இரண்டாம் தொட்டியில். முதல் தொட்டிக்குச் சாதாரணத் தீவனம். இரண்டாவதற்குச் சேர்க்கை கலந்த தீவனம். 60 நாள் கழித்து முதல் தொட்டியில் 8 நண்டுகள், சராசரி 180 கிராம். இரண்டாவதில் 5 நண்டுகள், சராசரி 210 கிராம்.

ஒரு நண்டின் வளர்ச்சி முதலாவதில் 80 கிராம், இரண்டாவதில் 110 கிராம். ‘37.5 விழுக்காடு கூடுதல் வளர்ச்சி’ என்று லேபிளில் அச்சிடலாம். கணக்கில் பொய் இல்லை. ஆனால் மொத்த எடை? முதல் தொட்டியில் 1,440 கிராம். இரண்டாவதில் 1,050 கிராம். தொடக்கத்தில் இரண்டிலும் 1,000 கிராம் இருந்தது. ஆக, முதலாவதில் 440 கிராம் கூடியது. இரண்டாவதில் வெறும் 50 கிராம். பெருத்த ஐந்தும் காணாமற்போன ஐந்தைத் தின்று பெருத்திருக்கவும் வாய்ப்புண்டு! சராசரியை மட்டும் பார்ப்பதில் உள்ள ஆபத்தை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

நண்டின் விஷயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. நேற்று ஓடு கழற்றிய நண்டை இன்று எடைபோட்டால், உறிஞ்சிய தண்ணீரும் சேர்ந்து எடை கூடியிருக்கும். நாளை ஓடு கழற்றவிருப்பது குறைவாகக் காட்டும். எனவே ஒருநாள் எடையை நம்ப முடியாது. பலமுறை ஓடு கழற்றும் வரை சோதனையை நீட்டிக்க வேண்டும். ஒவ்வொரு தீவனத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டிகள் வேண்டும். உயிர்பிழைத்தவை எத்தனை, செலவான தீவனம் எவ்வளவு என்பவையும் எழுதப்பட வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

நண்டு ஓடும் வினிகரும்: சமைத்தபின் எறியும் நண்டு ஓட்டைக் கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு துண்டை வினிகரில் போட்டால் குமிழிகள் எழும். அது கார்பன் டை ஆக்சைடு. வினிகரை மாற்றி ஓரிரு நாள் விட்டால், கால்சியம் கரைந்து, வளைக்கக்கூடிய கைட்டின் தகடு மிஞ்சும். தண்ணீரில் போட்ட மற்றொரு துண்டோடு ஒப்பிடச் செய்யுங்கள். ஓடு எவற்றால் ஆனது என்பதை மாணவர் தொட்டே அறிவர்.

கொழுக்கட்டைச் சோதனை: பச்சரிசி மாவில் ஒரே அளவில் இரண்டு உருண்டைகள். ஒன்றை அப்படியே, மற்றொன்றை ஆவியில் வேகவைத்து, உப்புத் தண்ணீரில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கட்டும். பச்சை உருண்டை கரைந்து கலங்கும். வெந்தது நெடுநேரம் நிற்கும். மாவுப்பொருள் வெப்பத்தில் பசையாவதே தீவன உருளையையும் கட்டிவைக்கிறது.

கழற்றிய தோல்: பள்ளித் தோட்டத்தில் வெட்டுக்கிளியும் சில்வண்டும் விட்டுச்சென்ற தோல்களைச் சேகரிக்கலாம். கண்மாய்க் கரையில் வயல் நண்டின் கழற்றிய ஓடு கிடைத்தால் இன்னும் நல்லது. கணுக்காலிகளின் பொதுப்பண்பு என்பதற்கு நேரடிச் சான்று.

லேபிள் வாசிப்பு: மாட்டுத் தாது உப்பு, கோழித் தீவனம், பிள்ளைகள் குடிக்கும் சத்துமாவுப் பானம் ஆகியவற்றின் காலி உறைகளைக் கொண்டுவரச் செய்து, மூன்று கேள்விகளுக்கு விடை தேடச் சொல்லுங்கள். இதில் உள்ள பொருள் எந்தக் குறையை நிரப்புகிறது? எவ்வளவு போதும், எவ்வளவு மிகை? ‘கூடுதல் வளர்ச்சி’ என்றால் எதைவிடக் கூடுதல்? நண்டுத் தீவனத்தில் கற்ற இந்த மூன்றும், ‘உயரமாக வளர்வாய்’ என்று தொலைக்காட்சியில் பிள்ளைகளிடமே பேசும் விளம்பரங்களுக்கும் பொருந்தும்.

வாய்ப்புள்ள பள்ளிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் விலங்கு நலத் துறைக்கோ, அதன் தொண்டி வளாகத்தில் உள்ள கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறைக்கோ முன்னனுமதி பெற்றுக் களப்பயணம் செல்லலாம். போகுமுன் மேற்கண்ட மூன்று கேள்விகளையும் மாணவர்களின் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். விடைகளை அங்கே கேட்டறிந்து, திரும்பி வந்து வீட்டிலும் சொல்லட்டும். குளம் உள்ள வீடுகளில் அந்தச் செய்திக்கு உடனடிப் பயன் உண்டு.